ஈரச் சுவரும் இருட்டுக் கூடமும்: குழித்துறைப் பக்கத்து வீடு ஒன்றின் உள்ளலங்கார மாற்றம்

பின்னணி

குழித்துறையிலிருந்து களியக்காவிளை போகும் சாலையை விட்டு உள்ளே இறங்கினால், ரப்பர் மரங்களுக்கு நடுவே சரிவில் நிற்கும் வீடு இது. இரண்டு காலத்தில் கட்டப்பட்டது. பின்பாதி 1960-களின் ஓட்டு வீடு: வெட்டுக்கல் சுவர், சிவப்பு ஆக்சைடு தரை, அயனிமரக் (பலா இனத்து மரம்) கதவுகள், ஒரே ஓர் அறைக்கு மட்டும் பலகை மச்சு. முன்பாதி 1990-களில் சேர்த்த கான்கிரீட் கட்டடம்: சிட்டவுட் (முன் திண்ணை), 12 அடிக்கு 18 அடி கூடம், இரண்டு படுக்கையறை, மொசைக் தரை. முன்பாதி கட்டியபோது பின்பாதியின் சுண்ணாம்புப் பூச்சையும் கொத்திவிட்டு சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். பின்னால் வந்த சிக்கலில் பாதி அங்கிருந்து தொடங்கியது.

வீட்டில் நிரந்தரமாக இருப்பவர்கள் நான்கு பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர், முழங்கால் வலியுள்ள அவர் மனைவி, பள்ளியில் வேலை பார்க்கும் மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி. மகன் வளைகுடாவில் இருக்கிறார், டிசம்பரில் வருவார். அவர் வருவதற்குள், அதாவது கிறிஸ்துமஸுக்குள், வீடு புதிதாக வேண்டும் என்பதே வேலையின் தொடக்கம்.

மருமகளும் மகனும் கைப்பேசியில் சேர்த்து வைத்திருந்த படங்கள் தெளிவாக இருந்தன. சாம்பல் நிற மாடுலர் கிச்சன், கூடத்தில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், அதன் விளிம்பில் மறைவிளக்கு, டி.வி. சுவரில் வால்பேப்பர், ஆங்கில எழுத்து ‘எல்’ வடிவ சோபா, வீடு முழுக்கப் பளபளப்பான டைல்ஸ். கூடத்துக்கும் அடுக்களைக்கும் மட்டும் ஒரு கடை கொடுத்திருந்த மதிப்பீடு 9.5 லட்சம் ரூபாய். பெரியவர்கள் படம் எதுவும் காட்டவில்லை. வீடு இருட்டாக இருக்கிறது, மழைக்காலத்தில் மணக்கிறது என்ற இரண்டை மட்டும் சொன்னார்கள். வடிவமைப்பாளர் முதலில் எடுத்துக்கொண்டது இந்த இரண்டைத்தான்.

ஜூலையில் பார்த்தவை

முதல் பார்வை நல்ல மழையில் நடந்தது. குமரி மாவட்டத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து சுவர் காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். நன்றாகக் காயும் காலம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரைதான். இங்கே ஒரு வீட்டை வெயில் காலத்தில் மட்டும் பார்த்து அளவெடுப்பவர் அதன் பாதியைத்தான் பார்க்கிறார்.

பின்பாதியின் மேற்குச் சுவரில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் வரை பூச்சு உப்பியிருந்தது. பெயிண்டுக்கு அடியில் பூசும் புட்டி பொடிப்பொடியாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் வெள்ளை உப்பு. கூடத்தில் அலமாரியை நகர்த்தியபோது பின்னால் கருப்புப் பூஞ்சை. மூன்றே வருடமான டி.வி. ஸ்டாண்டின் அடிப்பலகை, மரத்தூள் பலகை, ஊதி இரண்டு மடங்காகியிருந்தது.

இரண்டு இடத்திலும் ஒரே வாடை. காரணம் ஒன்றுதானா என்று பார்க்க பாலித்தீன் சோதனை செய்யப்பட்டது. இரண்டடிச் சதுரப் பாலித்தீன் தாளை, தரையிலிருந்து ஓரடி மேலே, நான்கு ஓரமும் டேப்பால் அடைத்து ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளின் உட்புறம், சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் நின்றால் அறையின் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. மேற்குச் சுவரில் துளி உட்புறம் இருந்தது. கூடத்து அலமாரிச் சுவரில் வெளிப்புறம். ஆக, ஒன்று மண்ணிலிருந்து ஏறும் ஈரம், மற்றது காற்றோட்டம் இல்லாததால் வந்த ஈரம். ஒரே மருந்து இரண்டுக்கும் ஆகாது.

ஏறும் ஈரத்தின் காரணம் வீட்டுக்கு வெளியே கிடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் முற்றத்தில் இன்டர்லாக் கல் பதித்தபோது மண்ணை நிரப்பி மேடாக்கியிருக்கிறார்கள். மேற்குப் பக்கம் பழைய அஸ்திவார மட்டத்துக்கு மேல் 8 அங்குலம் கல் ஏறி நின்றது. சரிவும் சுவரை நோக்கி. ஓட்டு இறவாரத்தில் மழைநீர்ப் பாத்தி இல்லாததால் கூரைத் தண்ணீர் முழுவதும் அந்த மூலையில் விழுந்தது. வெட்டுக்கல் தண்ணீரை உறிஞ்சும், பிறகு மெல்ல வெளியே விடும். மேலே சிமெண்ட்டும் புட்டியும் பூசி மூடிவிட்டதால் விட வழியில்லாமல், பூச்சைத் தள்ளிக்கொண்டு மேலேறியிருந்தது. உள்ளே எத்தனை முறை வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தாலும் இது நிற்காது. இரண்டு முறை அடித்தும் இருக்கிறார்கள்.

வெளிச்சத்தை கைப்பேசிச் செயலியால், லக்ஸ் என்ற வெளிச்ச அலகில் அளந்தார்கள். அது துல்லியமான கருவி ஆகாது. முன்னும் பின்னும் ஒப்பிட மட்டும் போதும். மேகமூட்டமான காலை 11 மணிக்கு கூடத்தின் நடுவில் 40 லக்ஸ். பின்னறையில் 10-க்கும் கீழே. சிட்டவுட்டுக்கு முன்னால் சட்டம் (டிரஸ்) போட்டு இறக்கிய கூரை ஷீட் ஆறடி நீண்டிருந்தது, ஜன்னலில் கரும்பழுப்புத் திரை, அதற்கப்பால் ரப்பர் மரம். பகலிலும் விளக்குப் போட்டே வாழ்ந்திருக்கிறார்கள்.

அடுக்களையில் மேடை 36 அங்குல உயரம். மாமியாரின் உயரம் நான்கடி பத்து. “அடுக்களையில நின்னா தோளு கழண்டு போவுது” என்று அவர் சொன்னது மிகையில்லை: அவர் முழங்கை மட்டம் தரையிலிருந்து 36½ அங்குலம். ஏறக்குறைய முழங்கை உயரத்தில் இருக்கும் பாத்திரத்தைக் கிளற தோளைத் தூக்கித்தான் ஆக வேண்டும். எக்ஸாஸ்ட் விசிறி மேற்குச் சுவரில். மழைக்காலத்தில் காற்றும் மேற்கிலிருந்தே வீசுவதால் அது இழுத்த புகையைக் காற்று திரும்ப உள்ளே தள்ளியது. அடுக்களையின் ஒரே வடக்கு ஜன்னலை ஃபிரிட்ஜ் மறைத்து நின்றது.

கடைசியாக, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று மூன்று நாள் குறித்துவைக்கச் சொன்னார்கள். பேத்தியே குறித்தாள். கூடத்து சோபாவில் பெரும்பாலும் துவைத்த துணிதான் உட்கார்ந்திருந்தது. ஆட்கள் பின்னாலுள்ள சாய்ப்பிலும் (சரிவுக் கூரை இறக்கிய இடம்) அடுக்களை வாசற்படியிலும் இருந்தார்கள். மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் மட்டும் கூடத்தில், பாய் விரித்து. பக்கத்து வீட்டுச் சித்தி குடும்பமும் வந்தால் எட்டுப் பேர். அதற்கு எட்டடிச் சதுரமாவது வெறுந்தரை வேண்டும். ‘எல்’ சோபா வந்தால் அந்த இடம் போய்விடும் என்பது வரைபடத்தில் போட்டுக் காட்டும்வரை யாருக்கும் தோன்றவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வேலையின் வரிசைதான் முதல் முடிவு. வெளியே தண்ணீர், பிறகு சுவர், பிறகு தரை, அடுக்களை, மரவேலை, பெயிண்ட், கடைசியில் துணி. வழக்கமாக நடப்பது தலைகீழ்: சோபா முதலில் வரும், ஈரம் இரண்டாவது மழையில் வரும்.

செப்டம்பரில் மேற்குச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு இன்டர்லாக் கல்லைப் பெயர்த்து, 10 அங்குலம் மண் தோண்டி, முக்கால் அங்குல ஜல்லி நிரப்பினார்கள். அடியில் துளையிட்ட 4 அங்குலக் குழாய், தாழ்ந்த பக்கத்து வாழைக்குழிக்குச் சரிவு. இறவாரத்தில் தகரப் பாத்தி, இரண்டு இறக்குக் குழாய். இந்த வேலைக்கு ஆன 62,000 ரூபாயை ‘கண்ணுக்குத் தெரியாத செலவு’ என்று மகன் தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார். அப்பா பக்கம் நின்றதால் நடந்தது.

சுவரில் நான்கடி உயரம் வரை, அதாவது ஈரக்கோட்டுக்கு ஒன்றரை அடி மேல்வரை, சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்து வாரி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து கல்லுக்குள்ளேயே திரும்பிப் போகும். முதல் பூச்சு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கல் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, 12 மி.மீ. கனம். செங்கல் தூள் ஈரத்திலும் சுண்ணாம்பு இறுக உதவும். இரண்டாவது பூச்சு சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, 8 மி.மீ. மேலே சுண்ணாம்பு வெள்ளை மூன்று கோட்டு, கொஞ்சம் மஞ்சள் ஆக்சைடு கலந்து. புட்டி கிடையாது, பிளாஸ்டிக் எமல்ஷன் கிடையாது. கடுக்காயும் வெல்லமும் சேர்க்கலாமா என்று ஆசிரியர் கேட்டார். ஒரே சுவருக்கு அந்தப் பக்குவம் தெரிந்த கொத்தனாரைத் தேடுவதில் பயனில்லை என்று விடப்பட்டது.

தரைக்கு டைல்ஸ் வேண்டாம் என்ற முடிவுதான் நீண்ட பேச்சுக்குப் பிறகு வந்தது. பழைய தரைமேல் டைல்ஸ் ஒட்டினால் சாந்தும் டைல்ஸும் சேர்ந்து 35 மி.மீ.யாவது மட்டம் ஏறும். பின்பாதிக் கதவு நிலைகள் ஏற்கெனவே ஐந்தே முக்கால் அடி. கதவின் அடியை அறுக்கலாம். நிலையின் தலையை உயர்த்த முடியாது. இப்போதே குனிந்து நுழைய வேண்டிய ஆறடி மகன் தினம் தலையில் இடித்துக்கொள்வார். பழைய தரையைப் பெயர்த்தால் அடியிலுள்ள ஈரத்தோடு புதிய சண்டை. ஆகவே ஆக்சைடு தரையை உள்ளபடியே மீட்டார்கள்: சோப்பு நீரில் கழுவி, 400 எண் வாட்டர் பேப்பரால் நீர்விட்டுத் தேய்த்து, நான்கு நாள் உலரவிட்டு, தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் துடைத்து, மெழுகு பூசித் துணியால் தேய்த்தார்கள். எண்ணெய் அதிகமானால் வழுக்கும், தூசியும் ஒட்டும். ஒரு அறைக்கு நூறு மில்லிக்கு மேல் தேவையில்லை. உடைந்த இரண்டு இடத்தில் ஆக்சைடு ஒன்றுக்கு சிமெண்ட் மூன்று சேர்த்து ஒட்டுப் போட்டார்கள். நிறம் பொருந்தவில்லை, பொருந்தாது. தக்கலை பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரையைப் பார்த்தவர்களுக்கு, சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் போட்டதாகச் சொல்லப்படும் அந்தத் தரையைப் போல, பழைய தரையின் மினுக்கம் தேய்மானத்திலிருந்து வருவது என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கூடத்து மொசைக்கை இயந்திரம் வைத்து உரைத்துப் பாலிஷ் செய்தார்கள். இரண்டு தரைக்கும் சேர்த்து 48,000 ரூபாய்.

ஃபால்ஸ் சீலிங் கைவிடப்பட்டது. கூடம் பத்தடி உயரம். எட்டு அங்குலம் இறக்கி, அதற்குக் கீழே விசிறி தொங்கினால் இறகு எட்டடிக்கும் கீழே வந்துவிடும். மேலே கான்கிரீட் ஒழுகினால் ஜிப்சம் பலகை தொய்ந்து விழும்வரை யாருக்கும் தெரியாது. இந்த ஈரத்தில் அந்த இடைவெளி கரப்பானுக்கும் எலிக்கும்தான் வசதி. மறைவிளக்கின் ஆசைக்கு மாற்றாக, இரண்டு சுவரில் ஏழரை அடி உயரத்தில் 4 அங்குல அகல அயனிமரப் பட்டி அடித்து, அதன் மேல்புறம் 3000 கெல்வின் (மஞ்சள் சாயல்) எல்.இ.டி. பட்டை வைத்தார்கள். வெளிச்சம் கூரையில் பட்டுக் கீழே வரும். அந்தப் பட்டைக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் ‘டிரைவர்’ கருவியை மூடிய பெட்டிக்குள் வைக்காமல், கைக்கு எட்டும் இடத்தில், காற்றுப்படும்படி. அடுக்களை மேடைக்கு மட்டும் 4000 கெல்வின் வெள்ளை.

பகல் வெளிச்சத்துக்கு மூன்று மாற்றம். சிட்டவுட் ஷீட்டில் இரண்டு வரிசையை எடுத்துவிட்டுப் பால்நிற பாலிகார்பனேட். பின்பாதிக் கூரையின் வடக்குச் சரிவில் ஆறு கண்ணாடி ஓடு: நான்கு நடைவழிக்கு, இரண்டு பெரியவர்களின் அறைக்கு. கூடத்துக்கும் நடைவழிக்கும் இடையே, பாரம் தாங்காத நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் நான்கடிக்கு மூன்றடி திறந்து, இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் ஜாலி. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் கட்டிய வீடுகளால் இந்தப் பக்கத்துக் கொத்தனார்களுக்கு ஜாலி கைவந்த வேலை. சுவரை உடைக்கும்முன் அது பாரம் தாங்குகிறதா என்று மேலே பீம் ஓடும் திசையைப் பார்த்துச் சரிசெய்துகொண்டார்கள். ஜாலி வழியே காற்று ஓடத் தொடங்கியதும் அலமாரிச் சுவரின் ஈரத்துக்கும் அதுவே மருந்தானது. அலமாரியை 3 அங்குலம் தள்ளிவைத்து, 5 அங்குலக் கால் போட்டது மீதியைச் செய்தது.

அடுக்களை

இங்கேதான் பணமும் யோசனையும் அதிகம் போயின: 1,95,000 ரூபாய்.

மேடையை ஒரே மட்டமாகப் போடவில்லை. முழங்கை மட்டத்திலிருந்து 4 முதல் 6 அங்குலம் தாழ்வாக இருப்பது கைக்கு இதம். அடுப்பு இருக்கும் நான்கடி நீளம் 32 அங்குலம், மாமியாருக்கு. நறுக்கும் இடம் 35 அங்குலம், மருமகளுக்கு. அவர் முழங்கை 40 அங்குலத்தில். சிங்க்கும் 35, ஏனென்றால் கழுவும்போது கை தொட்டியின் அடிக்குத்தான் போகிறது, விளிம்புக்குப் போவதில்லை. மட்டம் மாறும் இடத்தில் கிரானைட் விளிம்பை உருட்டி, ஓரத்தில் அரை அங்குலம் தூக்கி விட்டார்கள். சூடான பாத்திரத்தை மேல்மட்டத்திலிருந்து இழுக்கும்போது தவறி விழாது.

மேடைக்குக் கீழே பிளைவுட் பெட்டிகள் வைப்பதா என்ற கேள்விக்கு ஆசாரியின் பதில் ஒரே வரி: “இந்த ஈரத்துல பிளை வச்சா ரெண்டு மழைக்கு நிக்கும் சாரே, மூணாவதுக்கு ஊதிரும்.” ஈரம் தாங்கும் ஐ.எஸ். 710 தர மரைன் பிளை ஊதாது, ஆனால் அதன் வெட்டுமுனைகளை முழுக்க அடைக்காவிட்டால் கரையான் அதையும் விடாது. ஆகவே தடுப்புகளும் தட்டுகளும் கடப்பாக்கல்லில், கதவுகள் மட்டும் அயனிமரச் சட்டத்தில் குறுக்குப் பட்டிகளோடு. பட்டிகளுக்கிடையே கால் அங்குல இடைவெளி, உள்ளே காற்றுப் போக. இழுப்பறை மூன்று மட்டும் மரைன் பிளையில், 304 தர ஸ்டெயின்லெஸ் சேனலோடு. கீல்களும் அதே தரம். சாதாரண முலாம் பூசிய கீல் இங்கே ஒரே வருடத்தில் துருப்பிடிக்கும். மருமகள் கேட்ட சாம்பல் நிறம் கதவுச் சட்டங்களில் வந்தது, மெல்லிய சாம்பல்-பச்சையாக. மரத்தின் ரேகை அடியில் தெரிகிறது.

ஃபிரிட்ஜை ஜன்னலிலிருந்து நகர்த்தி வாசல் பக்கம் வைத்தார்கள். அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் இடையே நடக்கும் தூரம் கூட்டினால் 17 அடி. பொதுவாக 13 முதல் 26 அடிக்குள் இருந்தால் கால் வலிக்காது. எக்ஸாஸ்ட் வடக்குச் சுவருக்குப் போனது, வெளிப்பக்கம் காற்றுக்கு மூடிக்கொள்ளும் இதழ்களோடு. சாய்ப்பிலிருந்த விறகு அடுப்பைத் தொடவில்லை. சோறும் குளிக்க வெந்நீரும் அங்கேதான் என்று மாமியார் முடிவாகச் சொன்னார். அதில் வாதிட ஒன்றுமில்லை.

மரச்சாமானும் நிறமும் துணியும்

பத்தாயப் (நெல் சேமிக்கும் பெட்டி) பலகை ஒன்று அறுக்காமல் கிடந்தது, நல்ல அயனி. அதிலிருந்து கூடத்துக்குத் தாழ்வான திவான், அடியில் இரண்டு இழுப்பறை, பாய்களைச் சுருட்டி வைக்க. முழங்கால் வலிக்காரருக்கு 18 அங்குல உயரத்தில் கைப்பிடி உள்ள இரண்டு நாற்காலி. அதற்குக் கீழே போனால் எழ முடியாது, மேலே போனால் கால் தொங்கும். நடுவில் எட்டடிச் சதுரம் வெறுந்தரை. ஜெப நேரத்துக்குப் பத்தமடைப் பாய். தென்னை நார் விரிப்பு வேண்டாம் என்றார்கள், ஈரத்தில் அது உலராது.

வெள்ளை நிறம் தேர்வதில் ஒரு நுணுக்கம். சுற்றிலும் பச்சை. வெளியிலிருந்து வரும் வெளிச்சமே பச்சை கலந்துதான் வருகிறது. தூய வெள்ளைச் சுவர் அதை அப்படியே காட்டி நோயாளி முகம்போல ஆகும். இரண்டடிச் சதுர மாதிரிகளை மூன்று சுவரில் அடித்து, காலை ஏழு, மதியம் ஒன்று, இரவு விளக்கு என மூன்று வேளையும் பார்த்த பிறகு, சிறிது மஞ்சள் சிவப்பு கலந்த வெள்ளை தேர்ந்தது. வால்பேப்பர் கேட்ட டி.வி. சுவருக்கு அடர் செங்காவி.

திரைக்குக் கேரள எல்லை தாண்டிய பாலராமபுரம் கைத்தறிப் பருத்தி. கம்பியை ஜன்னல் நிலைக்கு 6 அங்குலம் மேலே, இருபுறமும் 8 அங்குலம் நீட்டி அடித்ததால், ஒதுக்கும்போது திரை சுவரில் நிற்கிறது, கண்ணாடி முழுதும் திறக்கிறது. துணி அகலம் கம்பியின் இரண்டு மடங்கு.

நடந்தது, பிசகியது

சுண்ணாம்புப் பூச்சு அக்டோபரில் தொடங்கியது தவறு. முதல் கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் ஒரு வாரம் என்பது கணக்கு. வடகிழக்கு மழையில் பதினெட்டு நாள் ஆயிற்று. கிறிஸ்துமஸ் நெருங்கியது. ஈரமானி முள் குத்திப் பார்த்தால் சுவர் இன்னும் ஈரம் என்றே காட்டியது. பின்னறைப் பக்கம் சுண்ணாம்பு வெள்ளை அடித்ததால் பாதகமில்லை. ஆனால் அதே மேற்குச் சுவரின் தொடர்ச்சி நடைவழிக்கு வருகிறது. அங்கே கூடத்தின் நிறம் வேண்டும் என்று மருமகள் கேட்க, பெயிண்டர் டிசம்பர் 12-ஆம் தேதி புட்டியும் எமல்ஷனும் அடித்துவிட்டார். வடிவமைப்பாளர் மறுத்தார், எழுத்தில் மறுக்கவில்லை. அடுத்த ஜூலையில் அந்த நடைவழிச் சுவர் ஒன்றரை அடி உயரத்துக்குக் கொப்பளம் கொப்பளமாக எழும்பியது.

கண்ணாடி ஓடு இன்னொரு பாடம். வடக்குச் சரிவில் வைத்தால் நேர்வெயில் விழாது என்பது வடக்கே எழுதிய புத்தகங்களின் கணக்கு. குமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, ஆகஸ்ட் கடைசிவரை நண்பகலில் வடக்கேதான் நிற்கும். ஏப்ரலில் பெரியவரின் கட்டில்மேல் பகல் பன்னிரண்டு மணிக்கு வெயில் கட்டம் விழுந்தது. அறையிலிருந்த இரண்டு கண்ணாடி ஓடுகளையும் எடுத்து, ஒன்றைக் கட்டிலுக்கு விலகிய ஓரத்தில் வைத்து, அடியில் மூங்கில் தட்டி கட்டினார்கள். நடைவழியில் வெயில் கட்டம் அழகாகவே இருக்கிறது, யாரும் குறை சொல்லவில்லை.

பருத்தியை நனைத்துச் சுருக்காமல் தைத்த இரண்டு திரைகள் முதல் துவைப்பில் 3 அங்குலம் ஏறி நின்றன. அடியில் செங்காவிப் பட்டை ஒட்டுப் போட்டுத் தப்பித்தார்கள். மற்ற திரைகளுக்கும் அதே பட்டை வைத்ததும் அது திட்டமிட்டதுபோல் ஆயிற்று. மொசைக் பாலிஷ் சேறு அயனிக் கதவின் அடியில் ஊறிக் கறை பிடித்தது. தரை வேலைக்குமுன் கதவுகளைக் கழற்றிவைத்திருக்க வேண்டும்.

ஒரு மழைக்குப் பிறகு

அடுத்த ஆகஸ்டில் மறுபார்வை. அதே மேகமூட்டம், அதே 11 மணி: கூடத்தின் நடுவில் 140 லக்ஸ், நடைவழியில் 200-ஐ ஒட்டி, பின்னறையில் 60. பகலில் விளக்குப் போடுவதில்லை. பின்னறைச் சுவரில் உப்பு மெல்லிய பொடியாக ஓரிரு இடத்தில் வந்திருக்கிறது. கல்லில் மிச்சமிருந்தது வெளியேறுகிறது. தட்டிவிட்டுச் சுண்ணாம்பு ஒரு கோட்டு அடித்தால் போதும். அலமாரியின் பின்னால் பூஞ்சை இல்லை. மணம் போய்விட்டதா என்று கேட்டபோது மாமியார், “இப்பம் காப்பி மணம்தான்” என்றார்.

மொத்தச் செலவு 7,10,000 ரூபாய். அடுக்களைக்கு அடுத்து அதிகம் மரவேலை, 1,60,000. முதலில் கேட்ட மதிப்பீட்டைவிட இரண்டு லட்சத்துக்குமேல் குறைவு, வேலையோ வீட்டின் இருபாதிக்கும். ஆனால் காலம் திட்டமிட்டதைவிட ஐந்து வாரம் கூடுதல், நடைவழிச் சுவரைச் சேர்க்காமல்.

மாற்றியிருக்க வேண்டியவை

செப்டம்பரில் வெளிவேலையை முடித்து, சுவரைக் கொத்தி அப்படியே விட்டு, ஜனவரியில் பூசத் தொடங்கியிருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்குக் கூடத்தையும் அடுக்களையையும் மட்டும் முடித்துத் தந்து, பின்பாதியைக் கொத்திய கல்லோடு காட்டியிருக்கலாம். வந்திருந்த மகனே சுவரைத் தொட்டுப் பார்த்திருந்தால் 62,000 ரூபாய் பற்றிய பேச்சும் வேறுமாதிரி இருந்திருக்கும். ஒரே சுவரின் எல்லாப் பகுதிக்கும் ஒரே பூச்சு என்பதைப் பெயிண்டரின் வேலைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காதது வடிவமைப்பாளரின் தவறு. கண்ணாடி ஓடுகளை நிலையாக வைக்கும்முன், எங்கே வெயில் விழும் என்று அந்த இடத்து ஓடுகளை ஒரு நாள் மட்டும் எடுத்துப் பார்க்கலாம், செலவே இல்லை. அதுவும் ஏப்ரலில் பார்க்க வேண்டும்.

வயரிங்கில் ஒரு விடுபாடு. பேத்தி படிக்க ஜாலிக்குக் கீழே உள்ள மூலையைத்தான் பிடித்துக்கொள்வாள் என்று யாரும் நினைக்கவில்லை. அங்கே பிளக் இல்லை. இப்போது எக்ஸ்டென்ஷன் வயர் நடைவழியைக் கடக்கிறது, தாத்தா அதைத் தாண்டித்தான் நடக்கிறார். இது உடனே மாற்ற வேண்டியது.

நடைவழிச் சுவரின் புட்டியைச் சுரண்டி எடுத்தாயிற்று. கல்லும் பழைய சாந்தும் தெரிய, வேலை ஜனவரிக்குக் காத்திருக்கிறது. அதுவரை அதன்மேல் ஒன்றும் மாட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தும், இரண்டு காலண்டர் தொங்குகின்றன.